பத்தரை மணிக்கு நகரும் தேதி

ஆவாரம்புதூரில் அந்தப் பஸ் நின்றிருக்கவே வேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து நேர் ரோட்டில் வந்திருந்தால் காலை எட்டு மணிக்கெல்லாம் செங்கோட்டையில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டிருக்கும். ஆனால் அது காய்ச்சல் காலம், நேர் ரோட்டை முள் வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள், டிரைவர் பவுல்ராஜ் வண்டியை ஒரு கிளைச்சாலையில் திருப்பினார், அந்தக் கிளைச்சாலை ஆவாரம்புதூர் எல்லையில் குறுக்கே கட்டியிருந்த ஒரு கயிற்றில் வந்து முட்டியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் மேசை போட்டு, தேதி முத்திரையும் மைப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார். டிரைவர், கண்டக்டர் உட்பட இறங்கிய இருபத்துமூன்று பேரின் புறங்கையிலும் அன்றிலிருந்து பதினாலாம் நாளின் தேதியைக் குத்தினார். தேதிக்கு மேலே ஒரு வரி இருந்தது: இந்நாள் வரை தனித்திருக்க வேண்டியவர்.

வேலை முடிந்ததும் முத்திரையைப் பஞ்சாயத்து எழுத்தர் தளவாயிடம் ஒப்படைத்தார். தினமும் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக இதன் சக்கரத்தை ஒரு நாள் திருப்பி வையுங்கள், எவன் எப்போது வந்தாலும் அவன் கையில் பதினாலு நாள் தள்ளித் தேதி விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

இருபத்துமூன்று பேரில் ஒருத்தி முப்பிடாதி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் காலர் தைப்பவள், ஐந்து மாதக் கர்ப்பிணி, செங்கோட்டையில் புருஷன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பஸ்ஸில் ஏறும்போது அவரவர் அவரவராகத்தான் ஏறினார்கள்; ஒரு நர்ஸ் இருந்தாள், ஒரு பிளம்பர் இருந்தார், வீடு வீடாகப் போய் மிக்சி விற்கிற ஒருவர் இருந்தார், இருபதாம் நாள் தாலி கட்ட வேண்டிய மாப்பிள்ளை ஒருவன் புதுச்சட்டையை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது எல்லாருக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. ஊர் அவர்களைப் பஸ்காரங்க என்றது.

ஊரைக் குறை சொல்லக்கூடாது. முதல் பத்து நாள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தார்கள், எலுமிச்சைச் சாதமும் துவையலும் கயிற்றடியில் கொண்டுவந்து வைத்தார்கள், பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளத்துரை தன் படம் போட்டு வருக வருக என்று பேனர் கட்டினார், முப்பிடாதிக்கு வாய்க்கு என்ன வேண்டும் என்று பெண்கள் தள்ளி நின்றே கேட்டு மாங்காய் அனுப்பினார்கள். இரக்கத்துக்கு அப்போது அந்த ஊரில் பஞ்சமே இல்லை. பதினாலு நாளில் முடிந்துவிடும் என்று தெரிந்த இரக்கம் அது.

தேதி நகர்வதை முதலில் கண்டவன் மாப்பிள்ளைதான், ஏனென்றால் அவன்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். காலை பத்தரை மணி வாக்கில் எல்லாருக்கும் புறங்கை ஒரே நேரத்தில் அரிக்கும். சொறிந்துவிட்டுப் பார்த்தால் தேதி ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரிக்காது, தேதியும் அசையாது. அதற்குப் பதில் திங்கட்கிழமை இரண்டு தடவை அரித்து இரண்டு நாள் சேர்ந்து நகரும். ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் ஓய்ந்திருக்கிறார் என்றார் பவுல்ராஜ். பொங்கலுக்கும் நாலு நாள் ஓய்ந்திருக்கிறாரே, அது எப்படி என்று பிற்பாடு பிளம்பர் கேட்டார். எலுமிச்சை, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், படிகாரக்கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தார்கள், தோல்தான் உரிந்தது, புதுத்தோலோடு தேதியும் வந்தது.

பதினாலாம் நாள் காலையில் எல்லாரும் குளித்து, துணி மூட்டையைக் கட்டி, தலை சீவிப் பூ வைத்துக் கயிற்றடியில் வந்து நின்றார்கள். வெள்ளத்துரை வந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கையில் உள்ள நாள் வரைக்கும் என்பதுதான் சட்டம், கையில் இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்றார். பின்னால் நின்ற ஊரும் தலையாட்டியது. தேதி எப்படி நகர்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனரை எப்போது கழற்றுவது என்றுதான் கேட்டார்கள்.

இரண்டு பேர் தப்பித்து நடந்து பார்த்தார்கள். அடுத்த ஊரிலும் கயிறு இருந்தது, அங்கேயும் கையைத்தான் பார்த்தார்கள், கல்லெறிந்து திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குப் பேசிய பெண்ணை, குறித்த முகூர்த்தத்திலேயே அவன் தம்பிக்குக் கட்டிவைத்தார்கள். மேளச் சத்தத்தை அவன் போனில் கேட்டான். முப்பிடாதியின் புருஷன் இரண்டு முறை வந்து கயிற்றுக்கு அப்பால் நின்று பேசினான், இரண்டாம் முறை அவள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துப் பேசினான், மூன்றாம் முறை வரவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய காலம் வந்தபோது, குளத்துக்குக் கீழே பாழடைந்து கிடந்த பஞ்சுக் குடோனை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பஸ்ஸையும் அங்கேயே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, குடோன் திருப்பத்திலும் ஒரு கயிறு கட்டினார்கள். காய்ச்சலில் செத்தவர்களைத் தொட ஊரில் ஆள் வரவில்லை. நீங்கதான் ஏற்கெனவே தேதி வாங்கியவர்கள் ஆயிற்றே என்று பஸ்காரர்களைக் கூப்பிட்டார்கள். பிறகு காய்ச்சல் இல்லாமல் செத்தவர்களுக்கும் அவர்களையே கூப்பிட்டார்கள். பிறகு சாக்கடை அடைத்தபோது, பிறகு செத்த மாட்டை இழுக்க, பிறகு தண்ணீர்த் தொட்டி கழுவ. நர்ஸ் சாக்கடை அள்ளினாள், மிக்சி விற்றவர் பாடை கட்டினார். ரேஷன் கடையில் அவர்களுக்குத் தனி ஜன்னல் வெட்டினார்கள். கோயில் தேர் குடோன் திருப்பத்துக்கு முன்னாலேயே திரும்பிக்கொண்டது. ஊர்க்காரர் யாராவது பயணம் கிளம்பும்போது தேதிக் கை எதிரே வந்தால் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். தலைவரிடம் பேச வந்தால் தேதி கண்ணில் படாதபடி கையைக் கட்டி, உள்ளங்கை புறங்கை இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அதுவும் வழக்கமாயிற்று. இரண்டு வருஷத்தில் காய்ச்சலின் பெயர் ஊருக்கு மறந்துபோயிற்று. கயிறு மறக்கவில்லை.

இடையில் வெள்ளத்துரையின் மகன் துபாயிலிருந்து காரில் வந்து இறங்கினான், காய்ச்சல் உச்சத்தில் இருந்த மாதம் அது, மூன்று நாள் தெருவே கேட்க இருமினான். அவன் கையில் யாரும் எதையும் குத்தவில்லை. தம்பி நம்ம ஊரு என்றார்கள். அந்த இருமலில் செத்த நாலு பேரைக் குழியில் இறக்கியதும் பஸ்காரர்கள்தான்.

குடோனில் அவர்களுக்கென்று ஒரே ஒரு பழக்கம் மிஞ்சியிருந்தது. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு எல்லாரும் பஸ்ஸில் ஏறி, அன்றைக்கு உட்கார்ந்து வந்த அதே சீட்டில் உட்காருவார்கள். கண்டக்டர் விசில் ஊதி ஊர்ப் பெயரைச் சொல்லுவார். சிவகிரி என்றதும் பிளம்பர் எழுந்து, போய்ட்டு வாரேன் என்று சொல்லி இறங்குவார். வாசுதேவநல்லூரில் நர்ஸ் இறங்குவாள். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் செங்கோட்டை என்னும்போது முப்பிடாதி மட்டும் இருப்பாள். இறங்கினால் அதே குடோன் வாசல்தான். ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஊர்க்காரராக, ஒரு வீட்டுக்குப் போகிறவராக இருந்தார், அதை விட்டிருந்தால் எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

முப்பிடாதியின் மகள் பூரணி அந்தப் பஸ்ஸில்தான் பிறந்தாள், கடைசி நீளச் சீட்டில், நர்ஸின் கையில். பிறந்ததும் எல்லாரும் முதலில் பார்த்தது பெண்ணா ஆணா என்பதை அல்ல, கையைத்தான். வெறும் கை. சுருங்கிச் சிவந்து, ஒன்றுமே எழுதாமல் இருந்தது. இருபத்துமூன்று பேரும் வரிசையில் நின்று அந்தப் புறங்கையில் முத்தம் வைத்தார்கள், பவுல்ராஜ் தேம்பி அழுதார்.

நடக்கத் தொடங்கியதும் பூரணி கயிற்றுக்கு அடியில் குனிந்து ஊருக்குள் போனாள். அவளை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. துரத்தலாம் என்றால் கையில் தேதி இல்லை, மடியில் தூக்கலாம் என்றால் குடோனிலிருந்து வருகிறாள். ஒரு வீட்டில் முறுக்குக் கொடுத்தார்கள், அடுத்த வீட்டில் அவள் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எந்தப் பக்கமும் சேராத ஒரு குழந்தை தெருவில் ஓடியாடுவது ஊருக்கு எரிச்சலாக இருந்தது.

ஐந்து வயதானதும் முப்பிடாதி அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியை கோமதி டீச்சர் கேட்டைத் தாண்டாமல், குரலை உயர்த்தாமல், மிகவும் தன்மையாகப் பேசினார். சேர்த்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை, ஆனால் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று எனக்குத் தெரிய வேண்டும் இல்லையா, பஞ்சாயத்தில் போய் ஒரு சீல் மட்டும் வாங்கி வந்துவிடு, வேப்பமரத்தடியில் தனியாக ஒரு பலகை போட்டுத் தருகிறேன், சத்தம் அங்கேயும் நன்றாகக் கேட்கும் என்றார். தப்பாக நினைக்காதே என்றும் சொன்னார்.

முப்பிடாதி தப்பாகத்தான் நினைத்தாள். நினைத்துவிட்டு மூன்று நாள் யோசித்தாள். சீல் விழுந்தால் பூரணிக்கும் ஆயுசுக்கும் இதே குடோன்தான், சீல் விழாவிட்டால் அவள் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாமல் சாக்கடை அள்ளுவாள். மரத்தடியிலாவது படிக்கட்டும் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்ய வைத்த ஊரின் மேல் வந்த ஆத்திரத்தைவிட, முடிவு செய்துவிட்ட தன் மேல் வந்த ஆத்திரம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னாள். செங்கோட்டை வந்ததும் கண்டக்டர், இந்தப் பஸ்ல டிக்கெட் இல்லாம வந்தவ இவ ஒருத்திதான், இவளுக்காவது இறங்குற இடம் வேற இருக்கும்னு நெனச்சேன் என்றார்.

மறுநாள் அவள் பூரணியைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். வெள்ளத்துரை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தளவாய் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு அன்று தாமதமாக, மணி பதினொன்றைத் தாண்டி வந்து சேர்ந்தார். இன்றைக்கு ஏன் இன்னும் கை அரிக்கவில்லை என்று முப்பிடாதி அப்போதுதான் நினைத்தாள்.

பூரணியின் கையை மேசை மேல் வைக்கச் சொன்னார்கள். பயப்படாமல் இருக்க முப்பிடாதியும் தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். தளவாய் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்தார், மைப்பெட்டியைத் திறந்தார், பிறகு ஞாபகம் வந்தவராக, இரு, இன்னைக்கு இன்னும் திருப்பவே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சக்கரத்தைப் பெருவிரலால் ஒரு பல் தள்ளினார். கிர்ரக் என்றது. முப்பிடாதியின் கை அரித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேதியில் இருந்த ஏழு எட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. பொங்கலுக்கு நாலு நாள் லீவு. திங்கட்கிழமை இரண்டு பல். ஐந்து வருஷமும் அவள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றது.

"அண்ணாச்சி, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தளவாய் மறைக்க நினைக்கவில்லை. அவர் மோசமான ஆளும் இல்லை. "மொத வருசமே தெரியும்மா. ஒங்க குடோனுக்கு ரேசன் கார்டு எழுத வந்தப்ப பாத்தேன். தலைவருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். தினம் திருப்புன்னு சொன்னவரு நிறுத்துன்னு எழுதித் தரலையே. நானா எப்படி நிறுத்த?"

ஊருக்கே தெரியும் என்பதை அவர் மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். இன்னும் நாலு வருஷத்தில் சக்கரத்தில் வருஷம் தீர்ந்துவிடும், புது முத்திரைக்கு எழுதிப் போட்டாயிற்று என்றும் சொன்னார். வெள்ளத்துரை பேப்பரை மடக்காமலே, எல்லாரையும் அவுத்துவிட்டா ஊர்ச் சாக்கடைக்கு யாரு போவா, நீயே சொல்லு என்றார். கேலியாகக்கூட அவர் சொல்லவில்லை, நிஜமாகவே அவளிடம் யோசனை கேட்டார்.

முப்பிடாதி எட்டி முத்திரையைப் பிடுங்கினாள். ஐந்து வருஷமாக அவள் ஊர்க்காரர் ஒருவரின் விரலையும் தொட்டதில்லை. தளவாயின் விரல் அவள் விரலில் பட்டதும் அவர்தான் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். சர்க்கார் சாமான் என்றார் பலவீனமாக. அவள் சக்கரத்தைப் பின்பக்கமாகத் தள்ளினாள். கிர்ரக், கிர்ரக் என்று ஒவ்வொரு பல்லாக, கை தீயாய் அரிக்க அரிக்கத் தள்ளினாள், இன்றைய தேதி வந்தது, நிறுத்தவில்லை, நேற்றைய தேதி வந்தது, அங்கே நிறுத்தினாள். குளத்துக்குக் கீழே குடோன் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்ட கூச்சல் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

பூரணி தன் விரலை நாக்கில் நனைத்து அம்மாவின் புறங்கையில் தேய்த்தாள். மண்ணெண்ணெய்க்கும் படிகாரக்கல்லுக்கும் போகாதது குழந்தையின் எச்சிலுக்குப் போயிற்று.

வெள்ளத்துரை இப்போதுதான் எழுந்தார். "குடு அதை" என்று கையை நீட்டினார்.

முப்பிடாதி அந்தக் கையைப் பார்த்தாள். வெயில் படாத, மோதிரம் போட்ட, எதுவும் எழுதாத கை. அவள் சக்கரத்தை மறுபடி முன்பக்கமாகத் திருப்பினாள், தேதிகள் ஓடின, மாதம் ஓடியது, வருஷச் சக்கரத்தையும் கடைசி வருஷத்தில் கொண்டுபோய் வைத்தாள். அவள் கை அரிக்கவில்லை, குடோன் பக்கத்திலிருந்தும் கூச்சல் வரவில்லை; ஒரு தடவை நாள் முடிந்த தேதியை அது மறுபடி நகர்த்தாது. மைப்பெட்டியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி எடுத்தாள்.

"நல்லா நீட்டுங்க, தலைவரே. நீட்டுன கையிலதான் வைப்பேன்."

வெள்ளத்துரையின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போனது. பிறகு அவர் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, விரல் நுனிகூட வெளியே தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். தளவாய் அதற்கு முன்பே இடுக்கியிருந்தார்.

அவள் ஒரு கையில் பூரணியையும் ஒரு கையில் மை ஈரம் காயாத முத்திரையையும் பிடித்துக்கொண்டு, இத்தனை காலம் நடக்கக்கூடாதென்றிருந்த பெரிய தெரு வழியாக நடந்தாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே ஓடியிருந்தது. கடைவாசலில் நின்றவர்களும் குழாயடியில் நின்றவர்களும் பள்ளிக்கூட கேட்டில் நின்ற கோமதி டீச்சரும் கையைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். குடத்தை நிமிர்த்தக்கூட ஒருவரும் கையை எடுக்கவில்லை, தண்ணீர் வழிந்து தெருவில் ஓடியது. முப்பிடாதி டீச்சருக்கு முன்னால் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். "இவ எங்க உக்காரணும்னு இப்பத் தெரியுதா டீச்சர்?" என்றாள். டீச்சர் கையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

குடோனில் எல்லாரும் கையைக் கழுவித் தேதியைப் போக்கிவிட்டுப் பஸ்ஸில் ஏறத் தயாராக நின்றார்கள். ஐந்து வருஷமாகத் துடைத்துத் துடைத்துப் பவுல்ராஜ் காப்பாற்றி வைத்திருந்த எஞ்சின், பாட்டரி செத்ததால் தள்ளினால்தான் உயிர் பிடிக்கும் என்றது. ஊர்க்காரர்களை ஒரு கை கொடுக்கச் சொல்லிப் பார்த்தார் அவர், டிரைவர்களின் பழக்கதோஷம். கொடுக்க அன்று அந்த ஊரில் ஒருவருக்கும் கை இல்லை. அவர்களே தள்ளினார்கள், நர்ஸும் மாப்பிள்ளையும் மிக்சிக்காரரும் தோள் கொடுத்துப் பெரிய தெரு நெடுகத் தள்ளினார்கள், எல்லைக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும்போது எஞ்சின் இருமி, உறுமிப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் விசில் ஊதினார். பிளம்பர் சிவகிரியில் இறங்கினார், நிஜமான சிவகிரியில், இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார்.

முப்பிடாதி இப்போது செங்கோட்டையில் பழைய புருஷன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறாள், துணி தைக்கிறாள். பூரணி முதல் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறாள். முத்திரை தையல் மெஷின் டிராயரில், ஊசிகளோடு கிடக்கிறது. அதன் சக்கரத்தை அவள் திருப்புவதில்லை, யார் கையிலும் வைத்ததும் இல்லை. ஆனால் தூக்கிப் போடச் சொன்னால் போட மாட்டேன் என்கிறாள். ஆத்திரம் ஆறவில்லையா என்று கேட்டவர்களிடம், ஆறணும்னு எவன் சொன்னான் என்று கேட்டிருக்கிறாள்.

ஆவாரம்புதூர்ச் சாக்கடை அதற்குப் பிறகு நிரம்பித் தெருவில்தான் ஓடுகிறது. இன்றும் அங்கே வெளியூர் வண்டி எது வந்து நின்றாலும், இறங்குகிறவர் கையில் என்ன இருக்கிறதோ என்று தலைவர் முதல் கடைசி ஆள் வரை கையைக் கட்டி, அக்குளில் இறுக்கி இடுக்கிக்கொண்டு, குனிந்து நிற்கிறார்கள். வந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. இவ்வளவு பணிவான ஊரை எங்கேயும் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.